அனாதைப் பெட்டிக்குத் தப்பிய போர்வை

பாம்புக்கும் பல் டாக்டருக்கும் எவ்வளவு பயப்பட வேண்டுமோ அவ்வளவுதான் நான் பயப்படுகிறவன். அதற்கு மேல் என் குடலைக் கலக்கியவை இரண்டு கறுப்பு அட்டைகள். போட்டோ பேப்பர் வருகிற டப்பாவைக் கிழித்து, 'ட' எழுத்துப் போல வெட்டியவை. ஒன்றை நேராகவும் இன்னொன்றைத் தலைகீழாகவும் படத்தின் மேல் வைத்தால் நடுவில் ஒரு சட்டம் கிடைக்கும். அட்டைகளை நகர்த்தினால் சட்டம் சுருங்கும். படத்தில் எது இருக்கலாம், எதை வெட்டி எறியலாம் என்று காட்டுவதற்கு அப்படி ஒரு ஏற்பாடு. எங்கள் புகைப்படச் சங்கத்துப் போட்டி நடுவர் காட்ட ஆரம்பித்தால் சட்டம் சுருங்கிச் சுருங்கித் தீப்பெட்டி அளவில் வந்து நிற்கும். "இந்த எடம் மட்டும் நல்லாருக்குதுங்க" என்பார். என் படங்களில் அந்த இடம் எப்போதும் வெறும் வானமாகத்தான் இருக்கும்.

தொண்ணூறுகளில், நாற்பதைத் தாண்டிய வயதில், எனக்குப் புகைப்படப் பித்து பிடித்தது. கூட வேலை பார்த்தவர்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வந்தது, எனக்குக் கேமரா வந்தது. இரண்டுக்கும் மருந்து கிடையாது. பம்ப்செட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். ஊர் ஊராகச் சுற்றுகிற பிழைப்பு என்பதால் கேமராவும் தோளில் தொங்கிக்கொண்டு கூடவே வந்தது. யாரோ சொல்லி கோயமுத்தூரில் ஒரு புகைப்படச் சங்கத்தில் சேர்ந்தேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டி.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் எங்கேயும் பெயர் இருக்காது. ஒவ்வொன்றாக ஸ்டாண்டில் வைப்பார்கள். நடுவர் எல்லோர் முன்னாலும் அதைக் கழுவி ஊற்றுவார். முடித்ததும், "யாருங்க எடுத்தது?" என்று கேட்பார். எடுத்தவர் எழுந்து நின்று, "நானுங்க" என்று சொன்னால்தான் மார்க். யாரும் எழவில்லை என்றால் மறுக்கா ஒரு தரம் கேட்டுவிட்டு, மேஜைக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் அட்டைப்பெட்டியில் படத்தைப் போட்டுவிடுவார்கள். அதற்கு அனாதைப் பெட்டி என்று பெயர். திட்டு வாங்கி எழுந்து நிற்கத் தெரியாதவனுக்குப் பரிசு எதற்கு என்பது சங்கத்தைத் தொடங்கியவர்களின் சித்தாந்தம். நல்ல சித்தாந்தம்தான். எழுந்து நிற்பதற்கு முழங்கால் என்று ஒன்று வேலை செய்ய வேண்டும், அதை அவர்கள் யோசிக்கவில்லை.

நடுவர் கெட்டவர் இல்லை. தலை நரைத்த, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரர். சத்தம் போட மாட்டார். எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டு, பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் ஊற்றுகிற மாதிரிக் கனிவாகக் கொல்லுவார். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் நான் எடுத்த எருமைப் படம்தான் என் முதல் படம். ஸ்டாண்டில் ஏறியதும் அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங்க, எருமைய வாங்க வந்தவரு தலைய மட்டும் ஊட்டுக்குக் கொண்டு போயிட்டாருங்களா? ஒடம்ப இங்கயே உட்டுப்போட்டாரு."

ஹால் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர், இது யார் வேலையாக இருக்கும் என்று என் பக்கமாகத் திரும்பினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இன்னும் ஒரு நொடி போனால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பயத்தில் என் வாய் தானாகத் திறந்து சொன்னது: "தலைக்குத் தனி ரேட்டுங்க!"

ஹால் அதிர்ந்தது. நடுவரே அட்டையை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "யாருங்க எடுத்தது?" என்று அவர் கேட்டபோது நானும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அந்தப் பாவியைத் தேடினேன். எருமை பெட்டிக்குப் போனது.

அதிலிருந்து அதுவே என் தற்காப்பு ஆகிவிட்டது. ஈரோட்டு மஞ்சள் மண்டியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தேன். "ரொம்பத் தைரியசாலிங்க இவரு" என்றார் நடுவர். "கறுப்பு மஞ்சளுங்க, புது ரகம்" என்றேன் நான். சிங்காநல்லூர் குளத்துக் கொக்கைப் பார்த்து, "கொக்குன்னு நெனைக்கறனுங்க, தூசியா இருந்தாலும் இருக்கும்" என்றார். "வேணுமின்னா தொடைச்சுப் பாருங்க" என்றேன். என் படங்களை என்னைவிட நன்றாகக் கிண்டல் பண்ண ஊரிலேயே ஆள் கிடையாது. உள்ளே வயிறு ஜெட் பம்ப் மாதிரி இரைந்துகொண்டிருக்கும். வெளியே நான் சங்கத்தின் ஆஸ்தானக் கோமாளி.

இதைப் பார்த்த செயலாளர், "உங்களாட்ட ஆளு மேல நின்னாத்தானுங்க ஹாலு கலகலப்பா இருக்கும்" என்று சொல்லி, ஸ்டாண்டில் படம் மாற்றுகிற வேலையை எனக்குக் கொடுத்தார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஒளிந்துகொள்வதற்கு நடுவரின் முழங்கைக்குப் பக்கத்தைவிட நல்ல இடம் உண்டா?

இந்தக் கூத்தெல்லாம் என் மனைவிக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டாவது ஞாயிறு காலையில் நான் கக்கூசுக்கும் கூடத்துக்கும் நடப்பதை மட்டும் பார்ப்பாள்.

"அமாவாசைக்குச் சிலருக்குச் சாமி வருமுங்க. உங்களுக்கு வயிறு வருது. காசு குடுத்துப் பயத்த வாங்கற ஒரே ஆளு நீங்கதானுங்க."

"பயமெல்லாம் இல்ல புள்ள. நேத்து சாப்பிட்ட பரோட்டா."

"ஆமாங்க, மாசாமாசம் அதே பரோட்டா."

அனாதைப் பெட்டியைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தேன். மற்றவர்களின் படம் போகிற இடம் என்ற முறையில் சொல்லியிருந்தேன். "அட பாவமே, யாரு பெத்ததோ" என்று அவள் உச்சுக்கொட்டினாள். பெற்றவன் எதிரில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான்.

பிரிண்ட் போடுவது எங்கள் குளியலறையில். ஜன்னலை அடைத்து, சிவப்பு பல்பு மாட்டி, தரையில் படம் கழுவுகிற மருந்துத் தட்டுகளை வரிசையாக வைத்துக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டுகளுக்கு அடியில் விரிக்க ஏதாவது துணி வேண்டியிருந்தது. அலமாரியில் கைக்குக் கிடைத்தது ஒரு வெள்ளைப் போர்வை. கெட்டி நெசவு, மருந்தை நன்றாக உறிஞ்சியது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்த பிறகுதான் அது அவள் அம்மா வீட்டில் கல்யாணத்துக்குக் கொடுத்த சென்னிமலைப் போர்வை என்று தெரிந்தது. நடுவில் பெரிதும் சிறிதுமாகக் காப்பி நிறக் கறைகள். அன்று அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சோப்பு, சோடா, வெயில் என்று வாரக்கணக்கில் அந்தப் போர்வையோடு மல்லுக்கட்டினாள். கறை அப்படியே இருந்தது.

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று எங்கள் மொட்டை மாடியில் ஆளைத் தள்ளும். ஒரு காலை அவள் அந்தப் போர்வையை மறுபடியும் துவைத்துக் கொடியில் போடப் போனாள். நான் கேமராவோடு பின்னாலேயே போனேன். காற்று போர்வையைப் பிடுங்கியது. அவள் விடவில்லை. போர்வை ஆகாயம் வரைக்கும் உப்பி எழுந்து, திரும்பி வந்து அவளையே சுருட்டிக்கொண்டது. முகம் தெரியவில்லை. இறுக்கிப் பிடித்த இரண்டு கைகளும், தரையைவிட்டு எழும்பிய குதிகாலும் மட்டும் தெரிந்தன. நான் கைப்பிடிச் சுவர் முதுகில் இடிக்கும்வரை பின்னால் போய்க் கேமராவை அழுத்தினேன்.

"ஏனுங்க! வந்து ஒரு முனையப் புடிக்காம அங்க என்ன பண்றீங்க?" போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அந்தப் படம் மருந்துத் தட்டில் மெதுவாக எழும்பி வந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. இது எருமை இல்லை. நான் எடுத்ததிலேயே இது ஒன்றுதான் படம். புரிந்த நிமிடத்திலேயே பயமும் பிடித்துக்கொண்டது. எருமையை வெட்டினால் எருமைக்கு ஒன்றும் இல்லை. இதில் நிற்கிறவளோடு நான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஆண்டுப் போட்டிக்கு அதைக் கொடுத்தேன். ஆண்டுப் போட்டிக்குக் குடும்பத்தோடு வரலாம், மத்தியானச் சாப்பாடும் உண்டு.

"மூஞ்சிதான் தெரியலியே, குடுத்தாக் குடுத்துட்டுப் போங்க" என்றாள் என் மனைவி. அடுத்த மூச்சில், "ஆனா நானும் வருவேன்" என்றாள்.

"நீ எதுக்கு புள்ள? வெயிலு, கூட்டம்..."

"ஏன், நான் பாக்கக்கூடாதுங்களா? ஒண்ணு சொல்லிப்போடறேன். என்னைய அந்தப் பொட்டியில போட்டீங்கன்னா நான் அப்படியே எங்கம்மா ஊட்டுக்கு பஸ் ஏறீருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பாதிச் சண்டைகள் சிரித்துக்கொண்டேதான் தொடங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டி, மூன்றாவது வரிசையில் செயலாளரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மேலே ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு படமாக எடுத்து வைத்தேன். அடுத்தது அதுவாக இருக்குமோ என்று படக்கட்டுக்குள் விரலை விட்டு நெம்பிப் பார்ப்பேன். கிண்டல் ஒன்றும் வரவில்லை. "என்னுங்க, இன்னிக்கி சம்சாரம் வந்திருக்கறதால அடக்கமுங்களா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அது வந்தது. வைத்தேன்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "காத்து அருமையா வந்திருக்குதுங்க" என்றார்.

அருமை! அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து என் படத்துக்கு வந்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கும் போலிருந்தது. அதற்குள் அவர் கை மேஜை மேல் இருந்த கறுப்பு அட்டைகளுக்குப் போனது.

"இந்த அம்மணிதானுங்க ஓரத்துல நின்னு கெடுத்துப்போட்டாங்க. பாருங்க, காலுல பாதி வெளிய போயிருச்சு. இவங்கள எடுத்துட்டா..."

அட்டை மெதுவாக நகர்ந்தது. குதிகால் போனது. முழங்கை போனது. பிடித்திருந்த கைகள் போயின. என் மனைவியை, எல்லோர் முன்னாலும், எனக்கு ஒரு சாண் தூரத்தில், துளித்துளியாகக் கறுப்பு அட்டை மூடியது. நான் ஸ்டாண்டைப் பிடித்திருந்தேன்.

"ஸ்டாண்ட ஆட்டாதீங்க" என்றார் நடுவர். பிறகு படத்தின் நடுவில் விரல் வைத்தார். "அதவிடக் கொடுமை இதுங்க. பிரிண்ட்ட சரியா அலசாம உட்டுட்டாரு. ஊரு மேப்பாட்டம் கறை. அவசரமா சாப்பிடப் போயிட்டாரு போலிருக்குது."

ஹால் சிரித்தது. சிரித்துவிட்டு எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. என் முறை. பழகிய வாய் திறந்தும்விட்டது. 'பேய்க்கு எதுக்குங்க மூஞ்சி' என்ற வசனம் நாக்கின் நுனிவரை தயாராக வந்து நின்றது. அப்போதுதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவள் நடுவரைப் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை நான் எப்படி மூடினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"யாருங்க எடுத்தது?"

எழுந்து நிற்க வேண்டும். ஆனால் நான்தான் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறேனே! நின்றுகொண்டிருப்பவன் எப்படி எழுந்து நிற்பது? இந்தச் சங்கடத்தைச் சங்கத்தைத் தொடங்கிய மகான்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. கையைத் தூக்கினேன்.

"என்னுங்க, தண்ணி வேணுங்களா?" என்றார் நடுவர் அன்பாக. "இப்படி வேர்த்து ஊத்துது."

"இல்லீங்க. நான் எடுத்ததுங்க."

சொல்லிவிட்டேன். இரண்டு வருஷமாக வராத வார்த்தை. தொண்டையிலிருந்து கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி வந்தது.

ஹால் வெடித்துச் சிரித்தது. இதுவரை நான் அடித்த எந்த ஜோக்குக்கும் அப்படிச் சிரித்ததில்லை. செயலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அட உடுங்க சாமி! பொட்டிக்குப் போறதக் கூடக் கிண்டல் பண்ணாம உடமாட்டேங்கறாரு!"

"நெசமாலுமுங்க. அதுல நிக்கறது எம்பட ஊட்டுக்காரிங்க."

இன்னும் பெரிய சிரிப்பு. சொல்லப் பயந்து பயந்து இத்தனை நாள் கழித்தால், சொல்லும்போது நம்ப ஒரு ஆள் இல்லை.

"உங்களுக்கு எரக்க மனசுங்க" என்று சொல்லி, நடுவர் தன் கையாலேயே படத்தை எடுத்துப் பெட்டியின் பக்கம் குனிந்தார். நான் அதன் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"உடுங்க" என்றார்.

"நீங்க உடுங்க" என்றேன்.

"கிழிஞ்சிருமுங்க."

"அதுக்குத்தானுங்க, நீங்க உடுங்க."

இவ்வளவு மரியாதையாக இரண்டு பேர் இழுபறி பண்ணியதை அந்த ஹால் பார்த்திருக்காது. அந்த நேரத்தில் மூன்றாவது வரிசையில் பட்டுச்சேலை எழுந்தது.

"ஏனுங்க," என்றாள் என் மனைவி. அவள் குரல் அப்படித் தேய்ந்து நான் கேட்டதில்லை, அவளுக்கும் பயம்தான். "அந்தக் கறை பிரிண்ட்டுல இல்லீங்க. போர்வையிலீங்க. இவரு பாத்ரூம்ல மருந்த ஊத்திக் கெடுத்துப்போட்டாரு. எத்தன சோப்பு போட்டும் போகலீங்க. சந்தேகம்னா ஊட்டுக்கு வந்து பாத்துக்குங்க. அதுல நிக்கறதும் நாந்தானுங்க."

சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துகொண்டாள்.

நடுவர் தன் முனையை விட்டார். படத்தை என்னிடமிருந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்துக் கும்பிட்டார். "தப்புங்க அம்மணி. கறை துணியிலதானுங்க இருக்குது."

எனக்கு உயிர் வந்தது. பாதிதான் வந்தது.

"ஆனா," என்று என் பக்கம் திரும்பினார், "காலு வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதானுங்க. நீங்க ஒரு அடி பின்னால போயிருக்கோணும்."

"பின்னால கைப்பிடிச் சுவருங்க. போயிருந்தா மாடியில இருந்து கீழ உழுந்திருப்பனுங்க."

"அது உங்க பிரச்சனைங்க" என்றார் நடுவர்.

பரிசு ஒன்றும் வரவில்லை. மார்க் மட்டும் போட்டார், எவ்வளவு என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அவள் நேராக மேஜைக்கு வந்து, குனிந்து அந்தப் பெட்டியை வெளியே இழுத்தாள்.

"இதுல நம்முளுது வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும். இல்லை என்று சொல்லலாம். ஆனால் அன்றைக்குப் பயப்படுவதற்கு இருந்த சக்தியெல்லாம் செலவாகிவிட்டது. எருமையை எடுத்தேன். மஞ்சள் மண்டியை எடுத்தேன். கொக்கை எடுத்தேன். சாப்பாட்டுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

"அட, அந்த எருமையும் உங்களுதுங்களா?" செயலாளரின் கண் விரிந்தது. "நீங்கதான தலைக்குத் தனி ரேட்டுன்னீங்க!"

"ஆமாங்க. நாந்தானுங்க."

"கொக்கு?"

"அதுவும் நாந்தானுங்க."

சிங்காநல்லூர் பஸ்ஸில் எப்படியோ இரண்டு இடம் கிடைத்தது. அவள் படங்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எருமையைப் பார்த்துவிட்டு, "தலை எங்கீங்க?" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். "அந்தப் பெரியவரு சொன்னது நாயந்தானுங்க" என்றாள். எந்தப் படத்தைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் கொக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

கடைசியாகப் போர்வைப் படம் மேலே வந்தது. அதைத்தான் ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பக்கத்தில் வாழை இலைக் கட்டோடு நின்றுகொண்டிருந்த ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இதென்னுங்க, பேயிங்களா? யாருங்க இதையெல்லாம் போட்டோ புடிக்கறது?"

அவள் படத்திலிருந்து தலையைத் தூக்காமல், ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். எனக்குப் பழையபடி காது சூடானது.

பஸ்ஸில் எழுந்து நிற்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நானுங்க" என்றேன்.

"அப்படீங்களா, நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு, வாழை இலைக்காரர் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். சிங்காநல்லூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.